டால்மென்: மேசையா, வீடா, திட்டையா?

கிருஷ்ணகிரி மாவட்டம் மல்லசந்திரத்தில் பாறை மேட்டின் மேல் கல் பெட்டிகள் நிற்கின்றன. பக்கத்துக்கு ஒன்றாகப் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு பெரிய பலகையை மூடி போல ஏற்றியிருக்கிறார்கள். சிலவற்றில் ஒரு பக்கக் கல்லில் வட்டமாக ஒரு துளை. நான் போன அன்று ஒரு பெட்டிக்குள் வெயிலுக்கு ஒதுங்கி இரண்டு ஆட்டுக்குட்டிகள் படுத்திருந்தன. மேய்க்க வந்த பெரியவரிடம் இது என்ன என்று கேட்டேன்.

"பாண்டவருங்க ஊடுப்பா. வனவாசத்துல கட்டினது."

"இதுக்குள்ள பீமன் எப்படிங்க படுத்திருப்பாரு?"

"மடங்கித்தான்" என்றார், யோசிக்காமல்.

தொல்லியலில் இதற்கு டால்மென் என்று பெயர். பிரான்சின் வடமேற்கு மூலையில் பேசப்படும் பிரெட்டன் மொழியில் 'தோல்' என்றால் மேசை, 'மென்' என்றால் கல் என்று விளக்கம் சொல்வார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சு எழுத்தில் புழக்கத்துக்கு வந்து, ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்த சொல். கல்மேசை என்ற பெயரிலேயே ஓர் ஊகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேசை என்றால் அதன் மேல் எதையாவது வைக்க வேண்டுமே! ட்ரூயிட் என்ற பழைய பூசாரிகள் பலி கொடுத்த மேடை இது என்று அந்தக் காலத்தில் பலர் நம்பினார்கள். தோண்டத் தோண்ட எலும்புகள் வந்த பிறகுதான், விஷயம் மேசைக்கு மேலே இல்லை, அடியில் இருக்கிறது என்று தெரிந்தது. நம் ஆட்கள் வீடு என்றார்கள், அவர்கள் பலிபீடம் என்றார்கள். இரண்டும் கண்ணில் பட்ட வடிவத்தை வைத்துச் சொன்னவைதான்.

அப்புறம் வந்தது இன்னொரு சண்டை: இவை முதலிலேயே இப்படி வெட்டவெளியில் நின்றவையா, மண்மேட்டுக்குள் மூடிக் கிடந்தவையா? இந்தியக் கட்டடக் கலை வரலாற்றை எழுதிய அதே ஜேம்ஸ் பெர்குசன், 1872இல் வந்த தம் நூலில், பல டால்மென்கள் திறந்தே நின்றவை என்று வாதிட்டார். லூக்கிஸ் என்ற பாதிரியார் ஒப்புக்கொள்ளவில்லை. எல்லாமே மண்ணும் கல்லும் குவித்து மூடப்பட்டவை, மேடு கரைந்துபோனதால் எலும்புக்கூடு மாதிரி உள்ளறை மட்டும் மிஞ்சியிருக்கிறது என்பது அவர் கட்சி. எல்லாவற்றுக்கும் ஒரே விடை செல்லாது என்றுதான் எனக்குப் படுகிறது. அயர்லாந்தின் நியூகிரேஞ்சில் கல்லறை இன்றும் பெரிய மேட்டுக்குள்தான் இருக்கிறது. இங்கிலாந்தின் சில்பரி மேடோ நேர்மாறு. கிட்டத்தட்ட 40 மீட்டர் உயரம், 1776 முதல் பல முறை குடைந்து பார்த்தும் ஒரு பிணக்குழி கூடக் கிடைக்கவில்லை. மேடு என்றால் சமாதி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

சரி, தமிழில் என்ன சொல்வது? தொல்லியல் துறையினர் பெரும்பாலும் கல்திட்டை என்கிறார்கள். திட்டை என்றால் மேடு, ஆற்றுத் திட்டு என்கிறோமே, அதே குடும்பம். ஆக, ஐரோப்பியர் மேசை என்றதை நாம் மேடு என்று ஆக்கியிருக்கிறோம். மேடு மூடியிருந்ததா இல்லையா என்பதுதான் சண்டையே என்னும்போது, இது நல்ல வேடிக்கை. ஆனாலும் எனக்கு இந்தச் சொல் பிடிக்கும். மல்லசந்திரத்தில் பார்த்தால் கல் பெட்டி தரையிலிருந்து எழும்பி நிற்பதுதான் முதலில் கண்ணில் படுகிறது. எழுதும்போது மட்டும் கவனம். இணையத்தில் பாதிப் பேர் 'கற்திட்டை' என்று எழுதுகிறார்கள். வல்லின ற் அடுத்து த் வராது. கல்லும் தூணும் சேர்ந்தால் கற்றூண் என்பதுபோல, இலக்கணப்படி கற்றிட்டை. அது நாக்கில் நிற்காது என்றால் கல்திட்டை என்றே பிரித்து எழுதிவிடலாம்.

தரைக்குள் புதைந்த பெட்டிக்கு வேறு பெயர், கல்பதுக்கை. பாதி உள்ளே, பாதி வெளியே நிற்பவையும் உண்டு. தென்னிந்தியப் பெருங்கற்கால ஈமச் சின்ன வகைகளுக்கு 1949இல் தொல்லியலாளர் வி.டி. கிருஷ்ணசாமி பெயர்களை வரையறுத்தபோது இந்த இடைப்பட்ட வகைக்கும் தனிப் பெயர் தர வேண்டியிருந்தது. கல்லைக் குவித்தது மட்டும் என்றால் கற்குவை, சுற்றி வட்டமாக நட்டிருந்தால் கல்வட்டம். பக்கக் கல்லில் இருக்கும் துளை இடுதுளை. படையல் வைக்க, பின்னால் இறந்தவரின் எலும்பை உள்ளே சேர்க்க, உயிர் வந்துபோக என்று அதற்குப் பல காரணம் சொல்கிறார்கள். எலும்பு சேர்க்க என்பதுதான் எனக்கு நம்பும்படி இருக்கிறது. இடு என்ற வினையே அந்தப் பக்கம்தான் சாய்கிறது.

இந்தச் சொற்களில் வயதானது பதுக்கை. புறநானூற்றின் 264ஆம் பாட்டில் 'பரலுடை மருங்கின் பதுக்கை சேர்த்தி' என்று வருகிறது. பருக்கைக் கல் நிறைந்த இடத்தில் பதுக்கை எழுப்பி, மயில் பீலி சூட்டி, பெயர் பொறித்து, நடுகல் நட்டார்கள் என்பது சேதி. இந்தப் பதுக்கை குவியல், பெட்டி இல்லை. நியாயமாகப் பார்த்தால் கற்குவைக்குத்தான் இது பொருந்தும். அறிஞர்கள் எடுத்துப் பெட்டிக்கு வைத்துவிட்டார்கள், இனி மாற்ற முடியாது. தகடூர் என்ற பழைய தருமபுரியைச் சுற்றி நடுகற்கள் ஏராளம் என்பதால் இந்தப் பாட்டு எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கொஞ்சம் நெருக்கம்.

கிளம்பும்போது பெரியவரிடம், இதையெல்லாம் தமிழில் பதுக்கை என்றும் சொல்வார்கள் என்றேன்.

"பதுக்கலா? ரேஷன் அரிசியா?" என்றார்.