வடிவமைப்புத் தொழில்முனைவு: சொல்லும் பொருளும்

துணிக்கடையில் "இதே டிசைன்ல வேற கலர் இருக்கா?" என்று கேட்டால், டிசைன் என்பது புடவையில் ஓடும் பூவும் கொடியும். பொறியியல் கல்லூரியில் அதே சொல், பாலத்தின் தூண் எவ்வளவு பாரம் தாங்கும் என்ற கணக்கு. "அவன் டிசைனே அப்படித்தான்" என்றால் பிறவிக் குணம். இவ்வளவு தூரம் நெகிழும் ஒரு சொல், 'ஆந்த்ரப்ரனர்ஷிப்' என்ற இன்னொரு சொல்லோடு கைகோத்து, கைவினைக் கிராமங்களைப் பற்றிய பேச்சிலும் திட்ட அறிக்கைகளிலும் புழங்குகிறது. தமிழில் 'வடிவமைப்புத் தொழில்முனைவு' என்கிறோம்.

பொருள் என்ன? ஒரு பண்டத்துக்குப் புது வடிவம் கண்டு, அதைச் செய்யப் பட்டறையும் விற்கச் சந்தையும் ஏற்படுத்தி, லாப நட்டத்தையும் தன் தலையில் ஏற்பது. படம் வரைந்து கொடுத்துவிட்டுக் கூலி வாங்கிப் போகிறவர் வடிவமைப்பாளர் மட்டுமே. ஊரில் செய்ததை வாங்கி நகரத்தில் விற்பவர் வியாபாரி. இரண்டு வேலையும் ஒரே ஆளிடமோ ஒரே குழுவிடமோ சேரும்போதுதான் இந்தப் பெயர் பொருந்தும். கண்காட்சியில் ஒரு கடை போட்டவரையெல்லாம் இந்தப் பெயரால் அழைப்பது சரியல்ல.

டிசைன் என்பதன் வேர் லத்தீனில் 'தெசிக்னாரே'. அதற்குள் 'சிக்னும்' இருக்கிறது, அதாவது குறி. குறியிட்டு வரையறுப்பது என்பதே முதற்பொருள். இத்தாலியில் அது 'டிசேஞ்ஞோ' ஆனபோது கையால் இழுக்கும் கோட்டையும் மனதில் உள்ள திட்டத்தையும் சேர்த்தே குறித்தது. ஃபுளோரன்ஸில் 1563இல் தொடங்கிய கலைக் கழகத்தின் பெயரிலேயே இந்தச் சொல் உண்டு. ஓவியர்களும் சிற்பிகளும் 'நாங்கள் வெறும் கைவேலைக்காரர்கள் அல்ல, கருத்து எங்களுடையது' என்று மார்தட்டிக்கொள்ள அது உதவியது. பின்னால் தொழிற்சாலைகள் வந்து, வரைபவர் மாடியிலும் செய்பவர் கீழ்த்தளத்திலும் உட்கார்ந்தபின் பிளவு முழுமையாயிற்று. நமக்கு டிசைன் என்ற சொல் கிடைத்ததே இந்தப் பிளவுக்குப் பிறகுதான்.

தமிழில் இதற்குப் பழைய சொல் உண்டா? ஒன்றல்ல, இரண்டு உண்டு. நெடுநல்வாடையில் அரசனுக்கு மாளிகை எழுப்புகிறார்கள். "நூலறி புலவர் நுண்ணிதின் கயிறிட்டு" திசை பார்த்து "மனை வகுத்து" என்று வரி போகிறது. கட்டட நூல் கற்றவர்கள் தரையில் கயிறு பிடித்துக் குறிக்கிறார்கள். லத்தீன் சொல்லின் பொருளும் ஏறத்தாழ இதுவே. 'வகுத்தல்' என்பதைத்தான் டிசைனின் நேரடி உறவு என்பேன்.

இன்னொன்று 'வனைதல்'. புறநானூற்று 256ஆம் பாட்டில், சுடுமணல் வழிகளைத் தலைவனோடு கடந்துவந்த பெண் ஒருத்தி, அவன் இறந்தபின் குயவரிடம் போய் நிற்கிறாள். வண்டியின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்டே வந்த பல்லியைப்போல அவனோடு வந்தவள் நான். அவனைப் புதைக்கும் தாழியில் எனக்கும் இடம் வேண்டும், ஆகவே "அகலிது ஆக வனைமோ" என்கிறாள். அகலமாக வனை. பயன்படுத்தப்போகிறவர், செய்கிறவரிடம், எதற்கு என்று காரணம் சொல்லி, அளவை மாற்றச் சொல்லும் இடம் இது. பாட்டு முழுக்க அவரை அவள் "கலஞ்செய் கோவே" என்றே விளிக்கிறாள். வடிவத்தை முடிவு செய்வதும் மண்ணைச் சக்கரத்தில் ஏற்றுவதும் அங்கே ஒரே கைதான். அகராதியிலும் வனைதலுக்கு உருவாக்குதல், அழகுபடுத்துதல், சித்திரம் எழுதுதல் என்று பொருள் விரிகிறது.

வகுத்தலும் வனைதலும் ஒரே ஆளிடம் இருப்பதைப் பார்க்கச் சங்க காலத்துக்குத்தான் போகவேண்டும் என்றில்லை. சுவாமிமலையில் படிமம் வார்க்கும் ஸ்தபதி, செய்யப்போகும் உருவத்தின் உயரத்துக்குத் தென்னை ஓலையில் ஒரு நறுக்கு எடுக்கிறார். அதைத் தாளக் கணக்குப்படி, அதாவது உருவத்தின் உறுப்புகளுக்குச் சிற்பநூல் சொல்லும் அளவுப்படி, மடிக்கிறார். முகத்துக்கு இவ்வளவு, மார்புக்கு இவ்வளவு, முழங்காலுக்கு இவ்வளவு என்று மடிப்புகளே அளவுகோல். ஒடியோலை என்று இதற்குப் பெயர். பிறகு அதே கை மெழுகைப் பிசைந்து உருவம் பிடிக்கும். மேலே காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகத்தை ஊற்றும். இவரிடம் போய் 'உங்களுக்கு டிசைன் சொல்லித்தர வந்திருக்கிறோம்' என்று ஆரம்பிக்கும் பயிற்சி முகாம்களை என்னவென்று சொல்வது!

'வடிவமைப்பு' என்பது நம் காலத்துச் சொல். வடிவு, அமைப்பு என்ற இரண்டும் தெளிவானவை. பாடநூலிலும் செய்தித்தாளிலும் ஊன்றிவிட்டது. ஒரு குறை உண்டு: கேட்டவுடன் புறத்தோற்றம் மட்டுமே நினைவுக்கு வருகிறது. எப்படிச் செய்வது, யார் வாங்குவார், எத்தனை நாள் உழைக்கும் என்பவையும் அதில் அடங்கும் என்பதை விளக்கித்தான் சொல்லவேண்டியிருக்கிறது. என்றாலும் நிலைத்துவிட்ட சொல்லைப் பிடுங்கி எறிய நான் விரும்பவில்லை. துறையைச் சொல்ல 'வடிவமைப்பு' இருக்கட்டும், செயலைச் சொல்ல 'வனைதல்' திரும்பி வரட்டும். 'புதிதாக வனைந்த கூடை' என்று எழுதினால் யாருக்குப் புரியாது?

அடுத்த பாதிக்கு வருவோம். பிரெஞ்சில் 'ஆந்த்ரப்ரந்த்ர்' என்றால் ஒரு காரியத்தை மேற்கொள்வது. பொருளியலில் இதற்கு அழுத்தம் தந்தவர் ரிச்சர்ட் கான்டிலான். அவருடைய நூல் அவர் மறைவுக்குப்பின் 1755இல் அச்சேறியது. தெரிந்த விலைக்கு வாங்கி, என்ன விலைக்குப் போகும் என்று தெரியாமல் விற்கிறவரே அவர் கணக்கில் தொழில்முனைவோர். குத்தகை விவசாயி, செருப்புத் தைப்பவர், தச்சர் எல்லாரும் அந்தப் பட்டியலில் வருகிறார்கள். பிச்சைக்காரரையும் திருடரையும்கூட மனிதர் விட்டுவைக்கவில்லை! நூலைக் கடன் வாங்கி நெய்துவிட்டு, முகூர்த்த மாதத்தில் என்ன விலை வருமோ என்று காத்திருக்கும் தறிக்காரர் இந்த வரையறைப்படி எப்போதோ தொழில்முனைவோர் ஆகிவிட்டார்.

தமிழில் 'முனைதல்' என்றால் ஊக்கத்தோடு ஒன்றில் முற்படுவது. 'தொழில்முனைவு' நல்ல ஆக்கம். 'தொழிலதிபர்' இதற்கு ஈடாகாது. அது வென்று உட்கார்ந்தவரைச் சொல்கிறது, இது துணிந்து இறங்கியவரைச் சொல்கிறது. 'தொழில்முனைவர்' என்று எழுதினால் முனைவர் பட்டம் குறுக்கே வந்து நிற்கும். 'தொழில்முனைவோர்' என்றே எழுதலாம்.

இனி, பெயருக்கேற்ற ஒரு காரியம். இந்தோனேசியாவின் மத்திய ஜாவாவில் புகையிலைக்குப் பேர்போன தெமாங்குங் வட்டாரத்தில் கண்டாங்கான் என்ற ஊர். அங்கே பிறந்த சிங்கி கார்த்தோனோ பாண்டுங் தொழில்நுட்பக் கல்லூரியில் வடிவமைப்பு படித்தார். இறுதியாண்டு வேலையாக அவர் வரைந்தது மரத்தாலான வானொலி. படித்தவர்கள் வழக்கமாகப் போகும் திசையில் போகாமல் ஊருக்குத் திரும்பி, பட்டறை போட்டு, அந்த வானொலியை 'மாக்னோ' என்ற பெயரில் செய்யத் தொடங்கினார். முகப்பில் அலைவரிசை எண்கள் கிடையாது. குமிழைத் திருகித் திருகி நிலையத்தைத் தேடிக்கொள்ள வேண்டியதுதான். 2008இல் ஜப்பானின் நல்வடிவமைப்பு விருதும், 2009இல் லண்டன் வடிவமைப்பு அருங்காட்சியகம் தரும் ஆண்டு விருதில் பண்டங்களுக்கான பரிசும் அதற்குக் கிடைத்தன.

விருதைவிடப் பட்டறைதான் கவனிக்கத்தக்கது. அவர் சேர்த்துக்கொண்டது தச்சு தெரியாத உள்ளூர் இளைஞர்களை. வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கற்றுக்கொள்ளும்படி ஒழுங்குபடுத்தினார். சின்னப் பண்டம் என்பதால் மரம் கொஞ்சமே செலவாகும், கைவேலை அதிகம் தேவைப்படும். ஊருக்கு வேண்டியதும் அந்தக் கணக்குதான். வெட்டுகிற மரத்துக்கு ஈடாக நாற்று வளர்த்து ஊராருக்குக் கொடுத்தார். 2013இல் மூங்கில் சைக்கிளான 'ஸ்பெடாகி' வந்தது. காலைச் சைக்கிள் சவாரிதான் பெயருக்கு மூலம். அந்த முயற்சியின் தொடர்ச்சியாக, குப்பை கொட்டுமிடமாகக் கிடந்த மூங்கில் தோப்புக்குள் 'பாசார் பாப்ரிங்கான்' என்ற சந்தை கூடியது. ஜாவாவின் ஐந்து நாள் வாரமும் நம் ஏழு நாள் வாரமும் பின்னிய 35 நாள் சுற்றில் இரண்டு ஞாயிறுகளில் மட்டும் நடக்கிறது. கையில் உள்ள ரூபியாவைக் கொடுத்து நாணயம்போன்ற மூங்கில் வில்லைகளை வாங்கி, அவற்றைக் கொண்டுதான் பண்டம் வாங்கவேண்டும்.

பாராட்டுக்கு நடுவே ஒன்றையும் சொல்லவேண்டும். வானொலியில் வகுத்தவர் ஒருவர், வனைந்தவர்கள் வேறு பலர். வேலை கிடைத்தது, முடிவெடுக்கும் இடம் பெரிதும் ஒருவரிடமே நின்றது. அந்த வகையில் ஊராரே சமைத்து, முடைந்து, விற்கும் சந்தை எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது.

குஜராத்தின் கட்ச் பகுதி வேறு வழியில் போனது. 2005இல் தொடங்கிய கலா ரக்ஷா வித்யாலயாவும், 2014இல் வந்த சோமையா கலா வித்யாவும், வெளியூர் வடிவமைப்பாளரை அழைத்து வராமல், நெசவாளருக்கும் அஜ்ரக் என்ற துணி அச்சு வேலை செய்பவருக்கும் பூத்தையல் பெண்களுக்கும் வடிவமைப்பைக் கற்பித்தன. வயலையும் பட்டறையையும் வீட்டையும் விட்டுவிட்டு ஓராண்டு உட்கார முடியாதல்லவா? அதனால் இரண்டிரண்டு வாரமாக, இடைவெளி விட்டு வகுப்பு. கற்றதை வீட்டில் செய்துபார்த்துக்கொண்டு அடுத்த வகுப்புக்கு வரலாம். நிறம், சேர்க்கை, சந்தை, தொகுப்பு என்று பாடம் போகும். முடித்தவர்கள் தங்கள் பெயரிலேயே விற்கிறார்கள்.

இவர்களை வெறுமே 'கைவினைஞர்' என்பது போதாது, 'வடிவமைப்பாளர்' என்றால் கைத்தொழில் மறைந்துபோகிறது. 'வனைஞர்' என்று ஒரு சொல்லை முன்வைக்கலாம். தயங்குகிறவர்கள் 'வடிவமைக்கும் கைவினைஞர்' என்று எழுதலாம். துறைப் பெயரை எழுதும்போது 'வடிவமைப்பு தொழில் முனைவு' என்று மூன்றாகப் பிரிக்காமல், ஒற்றெழுத்தோடு 'வடிவமைப்புத் தொழில்முனைவு' என்று எழுதுங்கள்.