டார்ட்: தீங்கியல், இழப்பீடு, ‘சீர்திருத்தம்’

ஒருவருடைய செயலாலோ கவனக்குறைவாலோ இன்னொருவருக்குத் தீங்கு நேர்ந்தால், பாதிக்கப்பட்டவர் உரிமையியல் நீதிமன்றத்தில் பரிகாரம் கேட்கலாம். அந்தத் தீங்குக்கு ஆங்கிலச் சட்டம் வைத்த பெயர் டார்ட். ஒப்பந்த மீறல் இதில் வராது. குற்ற வழக்கும் வேறு: அங்கே அரசு தண்டனை கேட்கும், இங்கே அடிபட்டவர் பணம் கேட்பார்.

சொல்லின் வேர் லத்தீன். முறுக்குதல், திருகுதல் என்ற பொருளுள்ள வினையிலிருந்து பிறந்து, பழைய பிரெஞ்சில் ‘தவறு, அநீதி’ என்றாகி, ஆங்கிலத்துக்கு வந்தது. டார்ச்சருக்கும் அதே வேர்தான். நமக்கும் இது புதிதல்ல. வளைவைக் குறிக்கும் ‘கொடு’விலிருந்துதானே கொடுங்கோலும் கொடுமையும் வந்தன!

தமிழ்ச் சட்ட நூல்களில் இத்துறைக்குத் ‘தீங்கியல்’ என்று பெயர். நல்ல சொல். தனியொரு செயலைச் சொல்லும்போது ‘உரிமையியல் தீங்கு’ என்றால் போதும். கிடைக்கும் பணம் இழப்பீடு, இலங்கையில் நட்டஈடு. ஈடு என்றால் சமம். மருத்துவச் செலவுக்கும் போன சம்பளத்துக்கும் ஈடு கணக்கிடலாம். வலிக்கும் ஊனத்துக்கும் எதை வைத்துக் கணக்கிடுவது? அமெரிக்காவில் இழப்பீட்டு வழக்குகளையும் தொகைகளையும் சட்டத்தால் கட்டுப்படுத்தக் கேட்கும் இயக்கத்துக்கு ‘டார்ட் ரிஃபார்ம்’ (தீங்கியல் சீர்திருத்தம்) என்று பெயர். அதைச் சுற்றி நடக்கும் சண்டையில் பெரும்பகுதி இதைப் பற்றியதுதான்.

அந்தச் சண்டையில் எப்போதும் இழுக்கப்படும் உதாரணம் மெக்டொனால்ட்ஸ் காபி வழக்கு. 1992இல் நியூ மெக்சிகோவில் 79 வயது மூதாட்டியின் மடியில் காபி கொட்டியது. காபி கொட்டியதற்கெல்லாம் வழக்கா என்று கேலி செய்தவர்கள் மிச்சத்தைச் சொல்வதில்லை. நிறுவனம் காபியை 82 முதல் 88 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்திருந்தது. சூடுபட்டதாக எழுநூறுக்கும் மேற்பட்ட புகார்கள் முன்பே வந்திருந்தன. அவருக்குத் தோல் ஒட்டுச் சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. முதலில் அவர் கேட்டது 20,000 டாலர். நிறுவனம் தர முன்வந்தது 800. ஜூரி 27 லட்சம் டாலரைத் தண்டனை இழப்பீடாக (நட்டத்தை ஈடுகட்ட அல்ல, தவறு செய்தவரைத் தண்டிக்க விதிக்கும் தொகை) விதித்தது தலைப்புச் செய்தியானது. நீதிபதி அதை 4.8 லட்சமாகக் குறைத்தது அவ்வளவாக எடுபடவில்லை.

மருத்துவர்களின் காப்பீட்டுக் கட்டணம் எகிறுகிறது, அற்ப வழக்குகள் பெருகுகின்றன என்பது ‘சீர்திருத்த’த் தரப்பின் வாதம். அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. அந்த நெருக்கடியில்தான் கலிஃபோர்னியா 1975இல் மருத்துவத் தவறு வழக்குகளில் வலி, வேதனைக்கான இழப்பீட்டை 2.5 லட்சம் டாலரோடு நிறுத்தியது. விலைவாசி ஏறியும் அந்த எண் 2022 வரை அசையவில்லை; அந்த ஆண்டுச் சட்டத் திருத்தம்தான் அதைப் படிப்படியாக உயர்த்த வழிசெய்தது. சம்பளமே இல்லாத குழந்தைக்கும் இல்லத்தரசிக்கும் முதியவருக்கும் கிடைக்கக்கூடிய தொகையில் பெரும்பங்கு இந்த இனத்தில்தான் வரும். வரம்பு அவர்களைத்தான் முதலில் வெட்டுகிறது.

அதனால் ‘தீங்கியல் சீர்திருத்தம்’ என்று அப்படியே பெயர்த்தால் ஒரு தரப்பின் பெயரை நாம் ஏற்றுக்கொண்டதாகிவிடும். இயக்கத்தைக் குறிக்கும்போது மேற்கோள் குறிக்குள் போடலாம். சட்டத்தைக் குறிக்கும்போது ‘இழப்பீட்டு உச்சவரம்பு’ என்றே எழுதலாம்.