கருமுட்டைகள் எங்கிருந்து வந்தன?

2005-இல் தென்கொரியாவில் விஞ்ஞானி ஹ்வாங் ஊ-சுக் என்றால் சினிமா நட்சத்திரத்துக்கும் மேலே. மனிதக் கருவை குளோனிங் செய்து ஸ்டெம் செல் (உடலின் எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய செல்) எடுத்துவிட்டதாக 2004-இலும், நோயாளிகளின் தோல் செல்லிலிருந்தே 11 ஸ்டெம் செல் வரிசைகள் (ஆய்வகத்தில் தொடர்ந்து பெருகும் செல் தொகுதிகள்) உருவாக்கியதாக 2005-இலும் 'சயன்ஸ்' இதழில் எழுதியவர். சக்கர நாற்காலியில் இருப்பவர் எழுந்து நடப்பதுபோல அரசு தபால்தலையே வெளியிட்டது.

இந்த வேலைக்குப் பெண்ணின் கருமுட்டை வேண்டும். அதன் உட்கருவை உறிஞ்சி எடுத்துவிட்டு, நோயாளியின் செல் உட்கருவை உள்ளே வைத்து, மின்துடிப்பு கொடுத்துப் பிளவுபட வைப்பார்கள். பெரும்பாலும் தோற்றுப்போகும், அதனால் முட்டைகள் ஏராளமாகத் தேவை. முட்டை தரும் பெண்ணோ பல நாள் ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்டு, பிறகு ஊசியால் சினைப்பையிலிருந்து முட்டையை எடுக்க விடவேண்டும். சிலருக்குச் சினைப்பை வீங்கி வயிற்றில் நீர் சேர்ந்து ஆஸ்பத்திரியில் படுக்கும் அளவுக்குப் போகும்.

சரி, யார் கொடுத்தார்கள்? சிலருக்குப் பணம் தரப்பட்டது, ஆய்வகத்தின் இளநிலை ஆய்வாளர்களே இரண்டு பேர் கொடுத்திருந்தார்கள். மேலதிகாரியின் ஆய்வுக்கு உடம்பைக் கொடுப்பவரிடம் வாங்கும் சம்மதக் கையெழுத்துக்கு என்ன மதிப்பு? 2005 நவம்பரில் எம்பிசி தொலைக்காட்சி இதைக் கேட்டபோது கோபம் திரும்பியது தொலைக்காட்சி மீதுதான். விளம்பரதாரர்கள் விலகினார்கள், நூற்றுக்கணக்கான பெண்கள் 'எங்கள் முட்டையை எடுத்துக்கொள்ளுங்கள்' என்று முன்வந்தார்கள். நாட்டுக்காக என்று சொல்லிவிட்டால் மறுப்பவள் துரோகி ஆகிவிடுகிறாள், அந்த இடத்தில் சம்மதம் என்பதே செத்துப்போகிறது என்பது என் கருத்து.

ஆராய்ச்சி நெறி மேற்கத்தியர்களின் பிடிவாதம், ஆசியாவுக்குப் பொருந்தாது என்று சொல்பவர்கள் அடுத்து நடந்ததைக் கவனிக்கலாம். டிசம்பரில் ஒரே செல்லின் படங்கள் வேறுவேறு வரிசைகளாகக் காட்டப்பட்டிருப்பதை இணையத்தில் பெயர் சொல்லாமல் போட்டு உடைத்தது இளம் கொரிய விஞ்ஞானிகள். சோல் தேசியப் பல்கலைக்கழகக் குழு தோண்டியபோது டிஎன்ஏ ரேகை (ஒரு செல் யாருடையது என்று காட்டும் மரபணு அடையாளம்) சோதனையில் செய்த தந்திரமும் வெளிவந்தது: நோயாளியின் செல்லும் ஸ்டெம் செல்லும் ஒத்துப்போவதாகக் காட்ட, நோயாளியின் செல்லையே இரண்டு குழாய்களில் பிரித்துப் போட்டிருக்கிறார்கள், ஒத்துப்போகாமல் என்ன செய்யும்! 11 வரிசைகளில் ஒன்றுகூட நிஜமில்லை. ஆனால் எடுத்த முட்டைகள் நிஜம், இரண்டாயிரத்துக்கும் மேல். கட்டுரைகளில் காட்டிய கணக்கோ சில நூறுதான்.

2009-இல் நீதிமன்றம் மோசடிக் குற்றச்சாட்டிலிருந்து ஹ்வாங்கை விடுவித்தது. நிதியைக் கையாடியதற்கும், முட்டை வாங்கிய விதத்தில் உயிர்நெறிச் சட்டத்தை மீறியதற்கும்தான் தண்டனை, அதுவும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை.