மீள்நோக்குப் பணிமுறை: ‘ரிஃப்ளெக்டிவ் பிராக்டிஸ்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கான கையேடுகளில் ‘ரிஃப்ளெக்டிவ் பிராக்டிஸ்’ என்ற தொடர் அடிக்கடி வரும். தன் வகுப்பில் நடந்ததை ஆசிரியரே திரும்பிப் பார்த்து, யோசித்து, அடுத்த வகுப்பை மாற்றிக்கொள்வதைக் குறிக்கும் தொடர் அது. அதைப் ‘பிரதிபலிப்புப் பயிற்சி’ என்று தமிழாக்குவதுண்டு. இரண்டு சொல்லுமே பொருந்தவில்லை.

‘ரிஃப்ளெக்ட்’ இலத்தீன் வழி வந்தது. ‘ரீ’ என்றால் பின்னோக்கி. ‘ஃப்ளெக்தெரே’ என்றால் வளைத்தல். ஒளி பட்டுத் திரும்புவதும், மனம் நடந்ததன் மேல் திரும்பிப் படிவதும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் அடங்கும். தமிழில் ‘பிரதிபலிப்பு’ கண்ணாடியோடு நின்றுவிடுகிறது. கண்ணாடி எதையும் யோசிப்பதில்லை. ‘பிராக்டிஸ்’ இங்கே நீச்சல் பயிற்சி, கையெழுத்துப் பயிற்சி போன்றதும் அல்ல. டாக்டர் பிராக்டிஸ் பண்ணுகிறார், வக்கீல் பிராக்டிஸ் பண்ணுகிறார் என்கிறோமே, அந்தப் பொருள்: தொழிலை நடத்தும் முறை. ‘பயிற்சி’ என்று பெயர் வைத்தால், ஒருநாள் முகாமுக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கினால் வேலை முடிந்தது என்று ஆகிவிடும்.

கருத்துக்கு வேர் அமெரிக்கத் தத்துவவாதி ஜான் டூயி. பழக்கத்தால் செய்வதையும், ஏன் செய்கிறோம் என்று ஆராய்ந்து செய்வதையும் அவர் 1910-இல் வெளியிட்டு 1933-இல் திருத்திய நூலில் பிரித்துக் காட்டினார். 1983-இல் டொனால்ட் ஷோன் என்ற அமெரிக்க ஆய்வாளர் அதைத் தொழில்களுக்குக் கொண்டுவந்தார்: வேலை நடக்கும்போதே யோசிப்பது ஒன்று, முடிந்தபின் யோசிப்பது மற்றொன்று. அவர் விரிவாக ஆராய்ந்தது கட்டடக் கலைஞர்கள், உளச் சிகிச்சையாளர்கள், நகரத் திட்டமிடுவோர் போன்றவர்களை. மொழியாசிரியர்களுக்கு அதை விரித்தவர்கள் மைக்கேல் வாலஸ் (1991), ஜாக் ரிச்சர்ட்ஸ், சார்ல்ஸ் லாக்ஹார்ட் (1994) ஆகியோர்.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘சுயபரிசோதனை’யில் குற்ற உணர்வின் வாடை அடிக்கிறது. ‘மீளாய்வு’ அலுவலகக் கோப்பை நினைவூட்டும். ‘மீள்நோக்கு’ பொருந்துகிறது, ‘பணிமுறை’ சேர்த்தால் தொடர் நிறைவாகும். நன்னூல் சூத்திரங்களின் அமைப்பைச் சொல்லும்போது வரும் ‘அரிமா நோக்கம்’ இன்னும் அழகு: சிங்கம் முன்னும் பின்னும் பார்ப்பது. பின்னால் பார்த்துவிட்டு அடுத்த வகுப்பைப் பார்க்காவிட்டால் அது வெறும் நாட்குறிப்புதான். ஆனால் இலக்கணத்துக்கு வெளியே அந்தத் தொடரைச் சொன்னால் விளக்கம் தேவைப்படும். அதனால் மீள்நோக்கே போதும்.

செய்வது எப்படி? ஒரே ஒரு கேள்வியில் தொடங்க வேண்டும். ‘என் வகுப்பு எப்படி இருக்கிறது?’ என்பது கேள்வியே அல்ல. ‘ஆங்கிலத்தில் வினா கேட்டபின் எத்தனை விநாடி காத்திருக்கிறேன்?’ என்பது கேள்வி. கைப்பேசியை மேசையில் வைத்துப் பத்து நிமிடம் குரலைப் பதிவு செய்தால் போதும். தலைமையாசிரியரிடமும் பிள்ளைகளிடமும் முன்பே சொல்லிவிட வேண்டும். அன்று மாலையே கேட்டு, ஒவ்வொரு வினாவுக்கும் பின் வரும் மௌனத்தை எண்ணிக் குறிக்கலாம். 1970-களில் அமெரிக்க அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருந்ததையும், மூன்று விநாடியாக நீட்டியபோது மாணவர் விடைகள் நீண்டதையும் கண்டார். வேற்று மொழியில் வாக்கியம் கோக்கும் பிள்ளைக்கு அந்த மூன்று விநாடியும் குறைவுதான். அதற்குள் ஆசிரியரே தமிழில் விடை சொல்லிவிட்டால், பேசாமல் இருந்தாலே விடை வரும் என்று வகுப்பு கற்றுக்கொள்கிறது.

பிறகு ஐந்தாறு வரி எழுத வேண்டும்: என்ன நடந்தது, ஏன் இருக்கலாம், அடுத்த முறை மாற்றப்போகும் ஒன்று எது. பெரும்பாலான குறிப்புகள் கெடுவது முதல் வரியிலேயே. ‘வகுப்பு நன்றாகப் போனது’, ‘பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை’ என்பவை தீர்ப்புகள். ‘எட்டு வினாவில் ஐந்துக்கு நானே விடை சொன்னேன்’ என்பது தகவல். ஒரே நாளில் நான்கு மாற்றம் செய்தாலும் பயனில்லை. எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். ஆய்வு அதிகாரிக்குக் காட்டும் ஏடாக அது மாறினால், உண்மை எழுதுவது அன்றோடு நிற்கும்.

இதைப் பகிர்வதற்கும் ஒரு கணக்கைப் பவணந்தியார் நன்னூலில் வைத்திருக்கிறார். ஆசிரியரிடம் கேட்டுக் கிடைப்பது கால் பங்கு, உடன் பயில்வோரிடம் இன்னொரு கால், பிறருக்கு எடுத்துரைக்கும்போது மீதி அரை. மாணவருக்குச் சொன்னது, ஆசிரியர் அறைக்கும் பொருந்தும்.

சக ஆசிரியர் வந்து பார்ப்பதானால், எதைப் பார்ப்பது என்பதை வகுப்புக்கு முன்பே இருவரும் முடிவு செய்ய வேண்டும். பார்ப்பவர் கையில் இருக்கை வரைபடம் இருந்தால் போதும்; வினா யாருக்குப் போகிறதோ அங்கே ஒரு கோடு. முன்வரிசையில் கோடுகள் குவிந்து, ஓரத்து இருக்கைகள் வெறுமையாக இருப்பதைத் தாளே காட்டிவிடும். பின்பு பதினைந்து நிமிடப் பேச்சில் பாடம் எடுத்தவர் முதலில் பேச வேண்டும். பார்த்தவர் முதலில் வாய் திறந்தால், அது இன்ஸ்பெக்‌ஷன் ஆகிவிடும்.

அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்திலும் வாட்ஸ்அப் குழுவிலும் பகிரப்படுவது பெரும்பாலும் ஒர்க்‌ஷீட் மட்டும்தான். கூடவே நான்கு வரி இருந்தால் அதன் மதிப்பே வேறு: எந்த வகுப்பு, எத்தனை பேர், எவ்வளவு நேரம் பிடித்தது, எந்த இடத்தில் பிள்ளைகள் தடுமாறினார்கள். நால்வர் குழுவுக்கு எழுதிய உரையாடலை அறுபது பேர் வகுப்பில் நடத்தப்போகிறவருக்கு, தாளைவிட அந்தக் கடைசி வரிதான் முதலில் தேவை.