பொய்க்கால் எறும்பும் மூன்றாம் வகுப்பு வரைபடமும்

தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர் கேட்டு எழுதியிருந்தார். புவியியல் பாடத்துக்காகப் பிள்ளைகளை மைதானத்துக்கும் பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களுக்கும் கூட்டிப்போகிறாராம், காலடி எண்ணி தூரம் அளக்கச் சொல்கிறாராம், ஒளித்துவைத்ததைத் தேடும் விளையாட்டெல்லாம் நடத்துகிறாராம். பெற்றோர் "இது பாடமா, பொழுதுபோக்கா" என்கிறார்கள். இதற்கு அறிவியல் ஆதாரம் ஏதாவது உண்டா, இல்லை பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்பதோடு சரியா என்பது அவர் கேள்வி.

உண்டு. ஆனால் அதில் எனக்குப் பிடித்த பகுதி கல்வியியல் நூல்களில் இல்லை, எலி, எறும்பு ஆராய்ச்சியில் இருக்கிறது. அதனால் பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வரப்போகிறேன்.

வரைபடம் என்றால் என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். தரையை மேலிருந்து பார்த்து, சுருக்கி, குறியீடுகளால் வரைந்தது. இந்த ஒரு வரியிலேயே எட்டு வயதுப் பிள்ளைக்கு மூன்று சிக்கல் இருக்கிறது. அது எதையும் மேலிருந்து பார்த்ததில்லை; சுருக்குவது என்றால் எவ்வளவு சுருக்குவது என்று தெரியாது; நீலக் கோடு ஆறாக இருக்க முடியும் என்பதும் அதற்குப் புதுசு. நம் பாடநூல்கள் பெரும்பாலும் இந்த முடிந்துபோன பொருளைத்தான் முதல் பக்கத்தில் நீட்டுகின்றன.

இப்போது எலிக்கு வருவோம். 1930இல் டோல்மன், ஹான்சிக் என்ற உளவியலாளர்கள் கலிஃபோர்னியாவில் ஒரு சோதனை செய்தார்கள். புதிர்ப்பாதை ஒன்றில் சில எலிகளுக்குத் தினமும் கடைசியில் உணவு வைத்தார்கள். இன்னொரு கூட்டத்துக்குப் பத்து நாள் ஒன்றுமே வைக்கவில்லை, அவை பாட்டுக்குச் சுற்றித் திரிந்தன, எதையும் கற்றுக்கொண்ட மாதிரியே தெரியவில்லை. பதினோராம் நாள் உணவு வைத்ததும் ஓரிரு நாளில் முதல் கூட்டத்துக்கு இணையாக ஓட ஆரம்பித்துவிட்டன. அதாவது சும்மா திரிந்த அந்தப் பத்து நாளும் அவை பாதையைப் படித்துக்கொண்டிருந்தன, மதிப்பெண் கொடுக்க ஆள் இல்லாததால் அது வெளியே தெரியவில்லை. 1948இல் டோல்மன் இன்னும் ஒரு படி போய், எலியின் தலைக்குள் ஒரு வரைபடமே இருக்கிறது என்று எழுதினார். அன்றைக்கு அதைத் தலைக்குள் தேடிப் பார்க்கக் கருவி இல்லை.

அந்த வரைபடம் எதனால் வரையப்படுகிறது என்பதுதான் நான் நிதானமாகச் சொல்ல விரும்பும் விஷயம். அதற்கு எறும்பைவிட நல்ல ஆசான் கிடையாது.

துனிசியாவின் உப்புப் படுகைகளில் கட்டகிளிஃபிஸ் என்ற எறும்பு இருக்கிறது. வெயிலில் செத்த பூச்சிகளைத் தேடிப் புற்றிலிருந்து கிளம்பும், கண்டபடி வளைந்து வளைந்து நூறு மீட்டருக்கு மேலும் போகும், ஒன்று கிடைத்ததும் வந்த வழியே திரும்பாமல் நேர்கோட்டில் புற்றுக்கு ஓடும். அங்கே மரமில்லை, கல்லில்லை, வாசனைத் தடம் அந்தச் சூட்டில் நிற்காது. திசையை அது வானத்து ஒளியிலிருந்து எடுத்துக்கொள்கிறது, அது பல காலமாகத் தெரியும். தூரம்? 2006இல் விட்லிங்கர், வெனர், வுல்ஃப் என்ற மூவர் வேடிக்கையான ஒரு வேலை செய்தார்கள். புற்றிலிருந்து பத்து மீட்டர் தள்ளி இரை வைத்து, அங்கே வந்த எறும்புகளைப் பிடித்து, சிலவற்றின் கால்களில் பன்றிமயிரை ஒட்டிப் பொய்க்கால் கட்டினார்கள், சிலவற்றின் கால்களைக் குட்டையாக வெட்டினார்கள். பொய்க்கால் எறும்புகள் புற்று இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டி, இரையிலிருந்து சுமார் பதினைந்து மீட்டர் வரை போய்த்தான் தேட ஆரம்பித்தன. குட்டைக்கால் எறும்புகள் ஆறு மீட்டர்கூட வருவதற்குள் "வீடு இங்கேதானே இருந்தது" என்று தேடின. இன்னும் அழகு என்னவென்றால், அதே பொய்க்காலோடு புற்றுக்குள் இருந்து புதிதாகக் கிளம்பிப் போன எறும்புகள் திரும்பும்போது சரியாகவே வந்தன, ஏனென்றால் போகும்போதும் நீளக் கால், வரும்போதும் நீளக் கால். எறும்பு மீட்டரை அளக்கவில்லை. தன் காலடியைக் கணக்கில் வைத்திருக்கிறது.

ஒவ்வொரு அடிக்கும் எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்று கூட்டிக்கொண்டே வந்தால், எந்த நேரத்திலும் புறப்பட்ட இடம் எங்கே என்று கைவசம் இருக்கும். இதை நடைக்கணக்கு என்று சொல்வோம். பாலூட்டிகளிடமும் இது உண்டு, நம்மிடமும் உண்டு. 1971இல் லண்டனில் ஓகீஃப் என்ற நரம்பியல் ஆய்வாளர், தன் மாணவர் தோஸ்த்ரோவ்ஸ்கியுடன் சேர்ந்து எலியின் ஹிப்போகாம்பஸில், அதாவது மூளையில் நினைவுக்கும் இடமறிதலுக்கும் உதவும் பகுதியில், சில நரம்புச் செல்களைக் கண்டார். எலி அறையின் ஒரு குறிப்பிட்ட மூலைக்கு வரும்போது ஒரு செல் துடிக்கும், வேறொரு இடத்துக்குப் போனால் வேறொன்று. இவை இடச் செல்கள். 2005இல் நார்வேயின் ட்ரான்ட்ஹைமில் மோசர் தம்பதியின் குழு அதற்குப் பக்கத்துப் பகுதியில் இன்னொரு வகையைக் கண்டது. இதில் ஒரே செல் பல இடங்களில் துடிக்கிறது, அந்த இடங்களைப் புள்ளி வைத்துக் கோடு இழுத்தால் தரை முழுக்க ஒரே அளவு சமபக்க முக்கோணங்கள் கிடைக்கின்றன. தரையில் யாரும் கோடு போடவில்லை, எலி ஒழுங்கில்லாமல் ஓடுகிறது, விளக்கை அணைத்தாலும் இந்த வலை கலையவில்லை. நாம் வரைபடத்தில் போடும் கட்டங்களைப் போல ஒன்றை மூளை தானாகவே விரிக்கிறது. கட்டச் செல்கள் என்று பெயர். ஓகீஃபுக்கும் மோசர் தம்பதிக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. மனிதர்களிடமும் இதே மாதிரியான செல்கள் உள்ளன என்று, சிகிச்சைக்காக மூளையில் மின்முனை பொருத்தப்பட்ட நோயாளிகளிடம் 2013இல் பார்த்தார்கள்.

சரி, நடைக்கணக்கு இவ்வளவு நன்றாக வேலை செய்தால் நாம் ஏன் வழி தவறுகிறோம்? கணக்கில் பிழை சேருவதால். தினமும் ஐந்து ரூபாய் தப்பாக எழுதும் கணக்குப்பிள்ளையின் பேரேடு மாதிரி, ஒவ்வொரு அடியிலும் நூலளவு பிழை, அது கழிவதே இல்லை, கூடிக்கொண்டே போகிறது. 2009இல் யான் சோமன் என்பவரின் குழு ஆட்களைக் காட்டிலும் பாலைவனத்திலும் நேராக நடக்கச் சொல்லிப் பார்த்தது. சூரியன் தெரிந்தவரை நேராக நடந்தார்கள். மேகம் மூடிய நாளில் காட்டில் நடந்தவர்கள் வட்டமடித்து, தாங்கள் போட்ட தடத்தையே தெரியாமல் கடந்தார்கள். கண்ணைக் கட்டி விட்டால் சில சமயம் இருபது மீட்டர் விட்டத்துக்குள்ளேயே வட்டமடித்தார்கள். காட்டில் பேய் சுற்றவைத்தது என்று கதை சொல்கிறவர்களிடம் எனக்குக் கோபமில்லை, நேராக நடந்தும் கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தால் யாருக்கும் பயம் வரும்தான். ஆனால் பேய் என்று சொல்லி முடித்துவிட்டால் அந்த அழகான பிழையைப் பார்க்காமலே போய்விடுகிறோம்.

மூளை இதைச் சரிசெய்யும் முறைதான் ஆசிரியைக்கு நேரடியாக உதவும். 2015இல் ஸ்டான்ஃபோர்டில் ஜோகோமோவின் குழு ஒன்றைக் காட்டியது: எலி சுவரைவிட்டு விலகி எவ்வளவு நேரம் ஓடுகிறதோ அவ்வளவுக்குக் கட்டச் செல்களின் வலை மெல்ல நகர்ந்துபோகிறது, ஒரு சுவரைத் தொட்டதும் சட்டென்று பழைய இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எலிக்குட்டிகளிலும் இதன் சாயல் உண்டு. பால் மறக்காத குட்டிகளின் இடச் செல்கள் சுவரோரமாக இருக்கும்போது துல்லியமாகவும், நடுத்தளத்தில் தடுமாற்றத்தோடும் வேலை செய்கின்றன. கட்டச் செல்கள் முதிர்ந்த பிறகே நடுப்பகுதி தெளிகிறது. எலிக்குட்டியும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் ஒன்றல்ல, வயதுக் கணக்கை அப்படியே இங்கே தூக்கிப் போட முடியாது. இருந்தாலும் எல்லையும் அடையாளமும் நடைக்கணக்கின் பிழையைத் துடைக்கின்றன என்ற அடிப்படை, பாடம் எடுக்க நன்றாகவே உதவும்.

எப்படி? ஒரு பிள்ளையின் கண்ணைக் கட்டி, மைதானத்தின் நடுவில் கையைப் பிடித்து இருபது அடி கூட்டிப்போய், திருப்பி, இன்னும் பதினைந்து அடி கூட்டிப்போய், "கிளம்பிய இடத்தைக் கை காட்டு" என்று சொல்லுங்கள். கொஞ்சம் தப்பும், ஆனால் பல பிள்ளைகள் ஓரளவு சரியான பக்கமாகக் காட்டுவார்கள், அதற்கே வகுப்பு கூச்சல் போடும். திருப்பங்களைக் கூட்டிக்கொண்டே போங்கள், கை எங்கெங்கோ காட்டும். அப்புறம் வழியில் ஒருமுறை சுற்றுச்சுவரைத் தொட விடுங்கள், பதில் திருந்துகிறதா என்று வகுப்பே பார்க்கட்டும். விளையாட்டு முடிந்ததும் ஒரு கேள்வி கேட்டால் போதும்: வரைபடத்தில் கோயில், மணிக்கூண்டு, பாலம் என்று ஏன் அடையாளம் போடுகிறார்கள்? பதிலை அவர்களே சொல்வார்கள்.

காலடி எண்ணுவதும் இப்படித்தான். கேட்டிலிருந்து மரம் வரை உயரமான பிள்ளைக்கு நாற்பது அடி வரும், குட்டைப் பிள்ளைக்கு ஐம்பத்தைந்து வரும், சண்டை வரும். சண்டை வரட்டும். பொய்க்கால் எறும்பின் பிரச்சினையேதான் இது. அளவுகோல் எதற்கு என்று பிள்ளைகளே கேட்கிற ஒரு சந்தர்ப்பம் வேறெந்தப் பாடத்தில் கிடைக்கும்?

வரிசையாக நிற்கவைத்து, பேசாமல், ஆசிரியர் பின்னாலேயே கூட்டிப்போய்த் திரும்புவதைக் களப்பயணம் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. எலியைத் தானே நடக்கவிடாமல் சிறு வண்டியில் ஏற்றி அதே தடத்தில் கொண்டுபோனபோது, ஒவ்வொரு இடச் செல்லும் துடிக்கும் பகுதி அகலமாகிவிட்டது, அதாவது படம் மங்கிவிட்டது. பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்த ஊர் நினைவில் எப்படி இருக்கும் என்று நமக்கே தெரியும். எங்கே திரும்புவது என்று பிள்ளை தீர்மானிக்க வேண்டும், சில சமயம் தப்பாகத் திரும்பவும் வேண்டும்.

நடந்தாயிற்று, காகிதத்துக்குப் போகலாமா என்றால் நடுவில் ஒரு படி இருக்கிறது. இருநூறு ஆண்டுக்கு முன் சுவிட்சர்லாந்தின் இவர்தோனில் பெஸ்டலோசி என்ற கல்வியாளர் நடத்திய பள்ளியில் இதைச் செய்தார்கள். பிள்ளைகளைப் பக்கத்திலிருந்த ஆற்றுப் பள்ளத்தாக்குக்குக் கூட்டிப்போய்ச் சுற்ற விடுவார்கள், திரும்பும்போது அங்கிருந்து களிமண் எடுத்து வருவார்கள், பெரிய மேசைகளில் அந்தப் பள்ளத்தாக்கையே மண்ணில் செய்வார்கள். அது முடிந்த பிறகே வரைபடத்தைக் காட்டுவார்கள்.

இந்தக் களிமண் ஏன் தேவை என்பதற்கு ஜூடி டிலோச் என்ற உளவியலாளர் 1987இல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். ஒரு அறை, அதே அறையின் சின்ன மாதிரி. மாதிரி அறையில் குட்டிப் பொம்மையை நாற்காலிக்குப் பின்னால் ஒளித்துக் காட்டி, "பெரிய பொம்மை பெரிய அறையில் அதே இடத்தில் இருக்கிறது, தேடு" என்றார்கள். மூன்று வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் நேராகப் போய் எடுத்தார்கள். இரண்டரை வயதுப் பிள்ளைகளுக்கு முடியவில்லை. மறந்துவிட்டதா? இல்லை, மாதிரியில் எங்கே ஒளித்தார்கள் என்று கேட்டால் சரியாகக் காட்டினார்கள். பிறகு டிலோச்சும் சகாக்களும் ஒரு தந்திரம் செய்தார்கள்: பெரிய அறையில் பொம்மையை ஒளித்துக் காட்டி, "இந்த இயந்திரம் அறையைச் சுருக்கிவிடும்" என்று சொல்லி, பிள்ளையை வெளியே அனுப்பி, சத்தமெல்லாம் போட்டு, பெரிய அறை இருந்த இடத்தில் மாதிரியை வைத்தார்கள். இப்போது அதே இரண்டரை வயதினர் கண்டுபிடித்துவிட்டார்கள். ஏனென்றால் இது வேறொன்றுக்கான குறியீடு அல்ல, அதே அறை, சின்னதாகிவிட்டது, அவ்வளவுதான்.

எட்டு வயதில் இந்த அடிப்படைத் தடை கிடையாது, ஆனால் மாதிரியைவிடக் கடினமான குறியீடு வரைபடம். தானே பிசைந்த மண் மேட்டை மேலிருந்து குனிந்து பார்க்கும்போது 'மேலிருந்து' என்ற பார்வை முதல்முறையாகக் கைக்கு வருகிறது. அதன் மேல் கண்ணாடித்தாள் விரித்துக் கோடு போட்டால் அது வரைபடம். தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கம் ஓடும் என்று பந்தயம் கட்டவும் விடலாம்.

இங்கே என் ஆதங்கத்தைக் கொட்டிவிடுகிறேன். எலியைப் பெட்டிக்குள் ஓடவிட்டு முப்பது நாற்பது வருடம் மின்முனை வைத்துப் பார்த்தவர்களிடம் "இதனால் என்ன பயன்" என்று கேட்டு நிதியை நிறுத்தியிருந்தால், இன்று இந்தக் கட்டுரையில் பாதி இருக்காது. அல்சைமர் நோய் ஆரம்பத்திலேயே தாக்கும் பகுதிகளில் ஒன்று இந்தக் கட்டச் செல்கள் இருக்கும் இடம், ஆகவே பயன் கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. இல்லாவிட்டாலும் நான் பணம் கொடு என்றுதான் சொல்வேன். இன்னொரு பக்கம், நடுமூளையைத் தூண்டிக் கண்ணைக் கட்டியபடியே படிக்கவைக்கிறோம் என்று சிலர் காசு வாங்குகிறார்கள். கட்டிய துணிக்கும் மூக்குக்கும் இடையிலான இடைவெளி வழியாகத்தான் அந்தப் பிள்ளைகள் படிக்கிறார்கள். அதற்குப் பணம் கட்டும் அதே பெற்றோர், மைதானத்தில் கண்ணைக் கட்டி நடக்கவிடுவதை நேர விரயம் என்பது எனக்குப் புரியவில்லை.

பெற்றோருக்குக் காட்ட என்ன வழி என்றும் ஆசிரியை கேட்டிருந்தார். செலவில்லாத ஒரு அளவீடு இருக்கிறது. வகுப்பறைக்குள் பிள்ளையை உட்காரவைத்து, ஜன்னலை மறைத்து, "கேட் எங்கே, தண்ணீர்த் தொட்டி எங்கே, உன் வீடு எந்தப் பக்கம்" என்று கை நீட்டிக் காட்டச் சொல்லுங்கள். திசைகாட்டியில் அந்தக் கோணத்தைக் குறித்து, உண்மையான கோணத்தோடு எத்தனை பாகை வித்தியாசம் என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மற்ற பிள்ளைகள் பார்க்காமல் ஒவ்வொருவராகக் கேளுங்கள், இல்லாவிட்டால் முதல் பிள்ளை காட்டிய பக்கமே எல்லோரும் காட்டுவார்கள். களப்பாடங்கள் ஆரம்பிப்பதற்கு முன் ஒருமுறை, பருவ முடிவில் ஒருமுறை. முடிந்தால் இன்னும் வெளியே போகாத வகுப்பு ஒன்றிலும் இதையே செய்யுங்கள், ஏனென்றால் ஒரு பருவத்தில் பிள்ளைகள் எப்படியும் வளர்ந்துவிடுவார்கள், அந்த வளர்ச்சியைக் கழித்தால்தான் மிச்சம் உங்கள் பாடத்துடையது. எண்கள் வந்ததும் எனக்கும் அனுப்புங்கள், மோசமாக வந்தாலும் அனுப்புங்கள்.