தோள்மூட்டைப் பிளந்த மை

"கன்டம் ரோபோ பொம்மைக் கிட்டுக்குப் பேனல் லைனர் மை போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் தோள்மூட்டு விண்டு கிடக்கிறது. டூப்ளிகேட் சரக்கா?" என்று கேட்கிறார் ஒரு வாசகர். கண்ணு பட்டுவிட்டது என்று வீட்டில் சொன்னார்களாம். திருஷ்டிக்கு எலுமிச்சம்பழத்தை வீணாக்க வேண்டாம். அந்த மையை அத்தனை அழகாக ஓட்டிக்கொடுத்த விசையேதான் மூட்டையும் பிளந்திருக்கிறது.

1979-ல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் வந்த கன்டம் தொடரின் ரோபோக்களை பண்டாய் நிறுவனம் 1980-லிருந்து, துண்டுகளை நாமே மாட்டிச் செய்யும் கிட்டாக விற்கிறது. முதல் கிட் 1/144 அளவு, 300 யென். இன்றைய கிட்டுக்குப் பசை வேண்டாம். துண்டுகளை நிப்பரால் (சின்ன வெட்டுக் குறடு) நறுக்கி அமுக்கினால் போதும். கவசத்திலுள்ள மெல்லிய பள்ளங்களில் கருப்பு மை ஓட்டுவதுதான் பேனல் லைனிங்.

எனக்குப் பிடித்த இடம் இதுதான். தூரிகை நுனியால் பள்ளத்தைத் தொட்டால் போதும், மை தானாக ஓடும், மூலையில்கூடத் திரும்பும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறும் அதே நுண்புழைச் செயல். ஆனால் தண்ணீர் இப்படி ஓடாது, பிளாஸ்டிக்மேல் குமிழ்ந்து நிற்கும். தண்ணீரின் பரப்பு இழுவிசை, அதாவது பரப்பு தன்னையே சுருக்கிக்கொள்ள இழுக்கும் விசை, மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனில் முழுதாகப் படர வேண்டுமானால் அது சுமார் 33-க்குள் இருக்க வேண்டும். பேனல் லைனருக்குப் பயன்படும் எனாமல் மையிலுள்ள பெட்ரோலியக் கரைப்பானுக்கு 25 பக்கம். அதனால் இரண்டு சுவர்களையும் பற்றிக்கொண்டு முன்னே போகிறது.

பள்ளம் குறுகக் குறுக இழுப்பு கூடும். 0.2 மில்லிமீட்டர் இடைவெளியில் தோராயமாக 250 பாஸ்கல்தான். அது 20 நானோமீட்டராகக் குறைந்தால்? 10,000 மடங்கு: 25 லட்சம் பாஸ்கல், ஏறத்தாழ 25 வளிமண்டல அழுத்தம்! நான் இதை இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன்.

அவ்வளவு குறுகலான இடம் பொம்மையில் ஏது? அமுக்கி மாட்டிய மூட்டில். துளையைவிட ஆணி ஒரு மயிரிழை பருமன்; அந்த இறுக்கத்தில்தான் கை நிற்கிறது. இறுக்கம் மிகுந்த இடத்தில் பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் விலகி, நடுவே நுண்ணிய வெற்றிடங்கள் பிறக்கும். நிப்பரால் வெட்டிய இடம் வெளுப்பதும் இந்த மாதிரி வெற்றிடங்கள் ஒளியைச் சிதறடிப்பதால்தான். அங்கே கரைப்பான் போய்ச் சேர்ந்தால் சங்கிலிகளின் பிடியைத் தளர்த்துகிறது, வெற்றிடம் நீள்கிறது, நீண்ட இடத்துக்குள் மேலும் கரைப்பானை இழுத்துக்கொள்கிறது. கடைசியில் விரிசல். பல கிட்களின் மூட்டுகளில் இருக்கும் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக் இதற்குப் பேர்போனது. எண்ணெயும் சோப்புக் கரைசலும் பட்டு மற்ற பிளாஸ்டிக் பொருள்கள் விண்டுபோவதும் இதே வகைதான். துளியையும் விரிசலையும் ஆராய்கிறவர்களுக்கு, ராக்கெட்டுக்குப் போகும் பணத்தில் காலே அரைக்கால் பங்கு கிடைத்தாலும் தேவலை என்பது என் நெடுநாள் புலம்பல்.

ஆகவே, அடுத்த முறை மை போடும் முன் மூட்டைக் கழற்றிவிடுங்கள். இறுக்கம் இல்லாத உறுப்பில் கரைப்பானுக்கு அவ்வளவாக வேலையில்லை. நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள். பள்ளத்தில் மையைக் கொட்டாதீர்கள், தொட்டால் போதும். விண்ட தோள் ஏபிஎஸ் என்றால் அதற்கென்று விற்கும் சிமெண்டை (பிளாஸ்டிக் ஒட்டும் பசை) தேடி வாங்குங்கள். பாலிஸ்டைரீனுக்கான சாதாரணச் சிமெண்ட் அதில் சரியாகப் பிடிக்காது.