பெர்ஃபியூஷன்: குருதிப் பாய்ச்சல்

கடலூர்ப் பக்கத்திலிருந்து மூளை ஸ்கேனுக்காகப் புதுச்சேரி மருத்துவமனைகளுக்கு வருபவர்கள் பலர். அவர்கள் கைக்கு வரும் எம்.ஆர்.ஐ. அறிக்கையில் சில சமயம் 'பெர்ஃபியூஷன்' என்ற சொல் இருக்கும். கேட்டால் 'ரத்த ஓட்டம்' என்று சொல்லிவிடுகிறோம். அது பாதிதான் சரி.

லத்தீனில் 'பெர்' என்றால் ஊடாக. 'ஃபுண்டெரே' என்றால் ஊற்றுதல். முழுக்க நனையும்படி ஊற்றுவது என்பதே மூலப்பொருள். மருத்துவத்தில், நுண்குழாய்கள் வழியாகத் திசுவுக்குக் குருதி போய்ச் சேர்வதை இது குறிக்கிறது. வீராணத்து வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பது ஒரு கணக்கு. கடைமடை வயலுக்கு எவ்வளவு பாய்ந்தது என்பது வேறு கணக்கு. பெர்ஃபியூஷன் இரண்டாவது கணக்கு. அதன் அலகைப் பாருங்கள்: 100 கிராம் திசுவுக்கு ஒரு நிமிடத்தில் இத்தனை மில்லிலிட்டர். வளர்ந்தவர்களின் மூளைக்கு இது சராசரியாக 50 அளவில் இருக்கும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'குருதிப் பரவல்' என்று எழுதினால் குழப்பம் வரும். திசுவுக்குள் நீர் மூலக்கூறுகள் பரவுவதைக் காட்டும் 'டிஃப்யூஷன்' என்று எம்.ஆர்.ஐ.யிலேயே இன்னொரு முறை இருக்கிறது. பரவல் அதற்குத்தான் பொருந்தும். பக்கவாத நோயாளிக்கு இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள், பெயர் மாறிவிடக் கூடாது. அதனால் 'குருதிப் பாய்ச்சல்' என்பதே என் தேர்வு. பாய்ச்சலுக்குத் தாவல் என்ற பொருளும் உண்டுதான். ஆனால் நீர்ப்பாய்ச்சல் என்றால் இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஓய்வில் இருக்கும் மூளையை ஆராய்பவர்களுக்கு இந்த அளவு மிகவும் முக்கியம். உடல் எடையில் மூளை சுமார் 2 விழுக்காடுதான். சும்மா படுத்திருக்கும்போதும் உடல் செலவிடும் ஆக்சிஜனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. ஆய்வில் வழக்கமாகப் பயன்படும் எம்.ஆர்.ஐ. முறை 'போல்ட்'. குருதியில் ஆக்சிஜன் அளவு மாறுவதை வைத்துப் படம் எடுக்கும் அது, ஏற்ற இறக்கத்தைத்தான் காட்டும். உண்மையில் எத்தனை மில்லிலிட்டர் என்று அறிய 'ஆர்ட்டீரியல் ஸ்பின் லேபிளிங்' வேண்டும். தமனிக் குருதிக்குக் காந்தக் குறியிடல் என்று சொல்லலாம். 1992இல் வந்த முறை இது.

இதற்கு ஊசியும் மருந்தும் தேவையில்லை. கழுத்துத் தமனிகளில் மேலேறும் குருதியில் உள்ள நீரின் காந்தத் திசையை ரேடியோ அலையால் புரட்டிவிடுகிறார்கள். ஒன்றரை, இரண்டு நொடி கழித்து, அது மூளைக்குள் சேர்ந்ததும் படம் எடுக்கிறார்கள். அப்புறம் குறியிடாத படத்திலிருந்து அதைக் கழிக்கிறார்கள். மிஞ்சுவது 1 விழுக்காடு அளவுள்ள வேறுபாடுதான். எனவே பலமுறை எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். அந்தச் சில நிமிடங்களும் தலையை அசைக்காமல், தூங்காமல் படுத்திருக்க வேண்டும்.

அல்சைமர் நோயில் மூளையின் பின்புற உள்பகுதிகளில் பாய்ச்சல் குறைவதை இந்த முறையில் பார்க்க முடிகிறது. காபியும் பாய்ச்சலைக் குறைக்கும். அதனால் ஆய்வுக்கு வருபவர்களிடம் அன்று காபி குடித்தார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.